ஐயாவின் மூன்றாவது கொப்பி

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வருவதற்குள் அவரைப் பற்றி ஒரு புத்தகம் அச்சாகி வந்துவிட வேண்டும். ஊரில் இதைக் கல்வெட்டு என்போம். லண்டனுக்கு வந்தபிறகு அது நினைவு மலர் ஆகிவிட்டது. அட்டையில் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, மருமக்களின் ஊர்ப்பெயர்கள், பேரப்பிள்ளைகளின் இரண்டு வரி ஆங்கிலம், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். அந்தியேட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தி எழும்பும்போது வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்பார்கள். வாங்கியவர்கள் ரெயினில் புரட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் எங்காவது வைப்பார்கள். எறிய மாட்டார்கள். லண்டனில் ஒரு தமிழ் வீட்டில் வேறு தமிழ்ப் புத்தகம் இல்லாவிட்டாலும் ஐந்தாறு நினைவு மலராவது இருக்கும்.

1998 தொடக்கம் சில வருடங்கள் இந்த மலர்களைச் செய்வது எங்கள் வேலையாக இருந்தது. ஈஸ்ற்ஹாம் ஹைஸ்றீட் நோர்த்தில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி அறை. கீழே இருந்து கருவாடும் கறிவேப்பிலையும் மணந்துகொண்டிருக்கும். மூன்று பேர் இருந்தோம். ஒருவர் இரவில் பெற்றோல் நிலையத்தில் நின்றார். இன்னொருவர் தபால் பிரிக்கும் இடத்தில் விடியற்காலை வேலை. மூன்றாமவர் கொம்பியூட்டர் படித்தவர், அதாவது ஆறு மாத மாலை வகுப்புக்குப் போனவர். அதனால் எங்களுக்குள் அவர்தான் எஞ்சினியர். கணனி ரொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இரண்டாம் கையாக வாங்கியது. வின்டோஸ் 98. எழுத்துரு பாமினி.

பாமினியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. ஈழத்தவர்கள் போன நாடெல்லாம் அந்த எழுத்துரு போயிருக்கிறது. தமிழ்த் தட்டச்சு யந்திரத்தின் விசை ஒழுங்கில் கை பழகியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அது ஒரு வேஷம். திரையில் 'அம்மா' என்று தெரியும். கணனியின் வயிற்றுக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். ஆங்கில எழுத்தின் முகத்தை வழித்துவிட்டுத் தமிழ் முகத்தை ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மற்றப் பக்கத்தில் பாமினி இல்லாதவருக்கு அதே கடிதம் போனால் வேஷம் கலைந்துவிடும். அம்மா செத்துப்போனா என்ற செய்தியை யாரோ பூனை விசைப்பலகையில் நடந்ததுபோல எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள்.

2003 இல் ஐயா எங்களிடம் வந்தார். ஐயா என்றால் எங்களுக்கு உறவில்லை. அவருடைய மகளை நாங்கள் அக்கா என்றபடியால் அவர் ஐயா. வலிகாமம் வடக்கில் தன் வீட்டு விறாந்தையில் ஒரு மிதியச்சு யந்திரமும் நாலு கேஸ் ஈய எழுத்தும் வைத்துக் கல்யாணக் காட்டும் கல்வெட்டும் அடித்துக்கொடுத்தவர். அதற்கு முன் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பாளராக இருந்தவர். அவர் கையில் மூன்று கொப்பிகள். சின்ன வயதில் அச்சகத்துக்குப் போனது முதல், 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கி ஊரைவிட்டு வெளிக்கிட்டது வரை பென்சிலால் எழுதியிருந்தார்.

"தம்பிமார், இதை அடிச்சுத் தரவேணும். நான் போனாப் பிறகு என்ர கல்வெட்டில போடுங்கோ. மற்றவைக்கு நான் எத்தினையோ அடிச்சுக் குடுத்தனான். எனக்கு நானே எழுதாட்டி இந்தப் பிள்ளையள் தேவாரத்தோட முடிச்சுப் போடுங்கள்" என்றார். அப்போது அவருக்கு வருத்தம் என்பது எங்களுக்குத் தெரியாது.

முதல் இரண்டு கொப்பிகளையும் பாமினியில் அடித்தோம். பெயர்களும் திகதிகளும் சரிபார்ப்பதற்காக ரொறன்ரோவில் இருந்த மூத்த மகனுக்கும் பாரிஸில் இருந்த இளையவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினோம். ரொறன்ரோவில் பூனை நடந்தது. பாரிஸில் வேறோர் எழுத்துரு இருந்ததால் தமிழ்போலவே ஒன்று வந்தது, ஆனால் வாசிக்க முடியாது. தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் எழுத்துரு ஏற்றுவது எப்படி என்று படிப்பித்தோம். அந்த அலுப்பில்தான் மூன்றாவது கொப்பியை யூனிகோட்டில் அடிப்பதென்று முடிவெடுத்தோம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் இலக்கம். எந்த எழுத்துரு இருந்தாலும் க என்றால் க. தமிழுக்கு 1991 இலேயே, யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆனால் எங்களைப்போன்றவர்களின் மேசைக்கு அது வர இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

ஐயா ஒருநாள் பார்க்க வந்தார். மூச்சு வாங்க மாடிப்படி ஏறிவந்து, கதிரையில் குந்தாமல் திரையின் முன் நின்றார். எங்களில் ஒருவர் 'கெ' அடித்துக் காட்டினார். முதலில் க. பிறகு எகரம். ஐயா முகத்தைச் சுழித்தார்.

"கொம்பை எல்லோ முதல்ல வைக்கிறது?"

ஈய எழுத்தில் கொம்பு தனித் துண்டு. அச்சுக்கோப்பாளர் கொம்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் ககரத்தை எடுப்பார். தட்டச்சு யந்திரத்திலும் அப்படித்தான், பாமினியிலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கு. யூனிகோட்டில் ஒலிக்கிற ஒழுங்கு: மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. இந்தியாவில் 1988 இல் வகுத்த இஸ்கி முறையைப் பின்பற்றியதால் வந்த ஏற்பாடு. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பதும், கொ என்றால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் பிரித்து வைப்பதும் கணனியின் பொறுப்பு. இதை எங்களுக்குத் தெரிந்த மட்டில் விளங்கப்படுத்தினோம்.

"அப்ப கோக்கிறவன் ஆர்?" என்று கேட்டார் ஐயா.

சரியான கேள்வி. கோர்ப்பவன் ஒரு சின்ன மென்பொருள். வின்டோஸில் அதற்கு யூனிஸ்கிரைப் என்று பெயர். யூஎஸ்பி10 என்ற ஒரேயொரு கோப்பாக உள்ளே இருந்தது. (இப்போது எல்லோரும் சட்டைப் பையில் கொண்டு திரியும் யூஎஸ்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) இப்படிப் பல மென்பொருட்கள் பொதுவாக எடுத்துப் பாவிக்கும் கோப்பை ஆங்கிலத்தில் லைப்ரரி என்கிறார்கள். யாழ்ப்பாணத்தானுக்கு லைப்ரரி என்றால் ஒரே ஒரு கட்டிடம்தான், 1981 இல் 97,000 புத்தகங்களோடு எரிந்த அது. அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை ஆரும் மாத்தேலுமோ?" என்றார். மாற்றலாம் என்றோம். அன்றைக்கு அதன் அர்த்தம் எங்களுக்கே தெரியாது.

ஒக்ரோபர் மாதம் ஐயா போனார். மூன்றாவது கொப்பியை அதற்கு முதல் கிழமைதான் அடித்து முடித்திருந்தோம். செத்தவீட்டன்று மூன்று கொப்பிகளையும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்மா, ஐயாவின் மனைவி, மூன்றாவதை மட்டும் எடுத்து ஐயாவின் கையடியில், பெட்டிக்குள் வைத்தா. அது கடைசியாக எழுதினது, அவர் தலைமாட்டில் வைத்திருந்தது என்று சொன்னா. நாங்கள் மூன்று பேரும் அருகில் நின்றோம். எங்களிடம் அடித்த பிரதி இருக்கிறதுதானே என்று நினைத்துக்கொண்டு நின்றோம்.

மலருக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. மூன்றாவது கொப்பியைச் சரிபார்க்கத் திறந்தால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் நின்றது. சில இடங்களில் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. எங்கள் கணனியில் இருந்த கோர்ப்பவன் பழையவன், அவனுக்குத் தமிழ் சரியாகத் தெரியாது. புதியவனைக் கொண்டுவந்தால் சரி. அந்தக் காலத்தில் இது பலரும் செய்த வேலைதான்: புதிய கணனியிலிருந்தோ புதிய அலுவலக மென்பொருள் தொகுப்பிலிருந்தோ அந்தக் கோப்பை எடுத்துப் பழையதில் போடுவது. யாரோ ஒரு தெரிந்தவர் ஒரு பிளொப்பியில் கொண்டுவந்து தந்தார். எந்தக் கணனியிலிருந்து எடுத்தது, எந்தப் பதிப்பு என்று நாங்கள் கேட்கவில்லை. வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்பை மாற்ற விடாது என்பதால் டொஸ்ஸுக்குப் போய், கறுப்புத் திரையில், பழையதன் மேலேயே புதியதை எழுதினோம். பழையதை வேறு பெயரில் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஆறு மாத வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு எஞ்சினியர் வகுப்புக்குப் போகவில்லைப்போலும்.

கணனி திரும்ப எழும்பியது. ஒரு சின்னக் கடிதம் அடித்துப் பார்த்தோம். கொம்பு துள்ளி முன்னுக்கு வந்து நின்றது. நாங்கள் கைதட்டினோம். கீழிருந்து கடைக்காரர் என்ன சத்தம் என்று கேட்டார்.

பிறகு ஐயாவின் கோப்பைத் திறந்தோம். ஒரு கணம் வெள்ளைப் பக்கம் வந்தது. அடுத்த கணம் சாம்பல் நிறப் பெட்டி. அந்தப் பெட்டியை அந்தக் காலத்தில் கணனி பாவித்த எல்லோருக்கும் ஞாபகமிருக்கும்: இந்த மென்பொருள் சட்டவிரோதமான செயல் ஒன்றைச் செய்துவிட்டது, ஆகையால் மூடப்படும். எங்களில் பெற்றோல் நிலையத்துக்காரருக்கு அப்போது அகதி விண்ணப்பம் ஆறாவது வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. 'சட்டவிரோதம்' என்ற சொல்லைத் திரையில் கண்டதும் குரொய்டனில் இருந்து கடிதம் வந்தவர்போல முகம் வெளிறிப் போனார். "நான் ஒண்டும் செய்யேல்லை. ஒருக்கால்தான் அமத்தினனான்" என்றார். இதைச் சொல்லிச் சொல்லிப் பிறகு எத்தனையோ வருடம் சிரித்திருக்கிறோம். அன்றிரவு ஒருவரும் சிரிக்கவில்லை.

பிழை எங்கே என்று தேடுகிறவனுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். எங்களிடம் அது இருக்கவில்லை. எழுத்துருவில்தான் பிழை என்று ஒருவர் சொல்ல, இருந்த எழுத்துருக்களையெல்லாம் கழற்றினோம். வைரஸ் என்று ஒருவர் சொல்ல, ஒரு முழு இரவு வைரஸ் தேடினோம். கணனியின் பெட்டியைக் கழற்றி, நினைவகப் பலகையைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினோம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய், செய்ததை எழுதி வை என்பது இன்றைக்கு எந்தச் சின்னப் பொடியனுக்கும் தெரியும். நாங்கள் ஒரே இரவில் ஐந்தாறு மாற்றம் செய்தோம். எது எதனால் என்று கடவுளுக்கும் தெரிந்திருக்காது. கணனி புதிய கோப்பைப் போட்ட அன்றுதானே விழத் தொடங்கியது என்ற எளிய விசயம் எங்களுக்கு எட்டவில்லை. எட்டாததற்குக் காரணம், அந்தச் சின்னக் கடிதம் நன்றாகத் திறந்ததுதான். ஒருக்கால் கைதட்டிய சாமானை ஒருவரும் சந்தேகிப்பதில்லை.

மூன்றாம் இரவு இரண்டு மணிக்குத்தான் அந்தக் காரியம் நடந்தது. ஒவ்வொரு முறை விழுந்து எழும்பும்போதும் சொற்செயலி ஒரு கேள்வி கேட்கும்: மீட்டெடுத்த பிரதி ஒன்று இருக்கிறது, பழையதற்குப் பதில் இதைச் சேமிக்கவா? பத்துத் தரம் வேண்டாம் என்றோம். பதினோராம் தரம் எங்களில் ஒருவர் ஆம் என்று அமத்திவிட்டார். யார் என்று இன்றுவரை நாங்கள் வெளியில் சொன்னதில்லை, இதிலும் சொல்லப் போவதில்லை.

அடுத்த நாள் ஹரோவில் ஒரு மாணவனிடம் புதிய கணனி, எக்ஸ்பி உள்ளது, இருக்கிறதென்று கேள்விப்பட்டு பிளொப்பியோடு போனோம். அங்கே கோப்பு விழவில்லை. திறந்தது. ஆனால் பக்கம் முழுக்க வெறும் பெட்டி பெட்டியாக நின்றது. எக்ஸ்பியில் தமிழ் இருந்தது, ஆனால் பூட்டிக் கிடந்தது. மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளை ஏற்று என்ற சின்னச் சதுரத்தில் சரி அடையாளம் போட்டு, வின்டோஸ் குறுந்தகட்டைச் செருக வேண்டும். குறுந்தகட்டைத் தேடி அந்தப் பொடியனின் தாய் அலுமாரியெல்லாம் இழுத்துப் போட்டா. கடைசியில் அது ஒரு சினிமாப் பாட்டுத் தட்டின் உறைக்குள் இருந்தது. கணனி மீண்டும் எழும்பியபோது ஐயா பேசத் தொடங்கினார். கொம்பெல்லாம் அதனதன் இடத்தில். பக்கம் பக்கமாகக் கீழே இறங்கினோம். விறாந்தை, மிதியச்சு, ஷெல் விழுந்த பள்ளிக்கூடம். பிறகு இந்த வரி: "கேஸ் இரண்டையும் சாக்கில் கட்டி, வளவின்"

அதோடு சரி. முற்றுப்புள்ளிகூட இல்லை. அதற்குப் பின்னால் நாலு பக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியும். அடித்தவர்கள் நாங்கள். வேறு பிளொப்பியில் இருந்த பிரதி அதற்கும் ஒரு கிழமை முந்தியது, அது இன்னும் மேலே நின்றுவிட்டது. கொப்பி மனோர்பார்க் பக்கத்துச் சுடலையில் ஐயாவோடு போய்விட்டது.

எழுத்து அழிவதற்கும் எழுத்தைக் காட்ட முடியாமல் போவதற்கும் இருக்கும் வித்தியாசம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. மூன்று நாளும் ஐயாவின் சொற்கள் அப்படியே வட்டில் இலக்கங்களாக இருந்தன. கோர்ப்பவன்தான் தடுக்கி விழுந்துகொண்டிருந்தான். நாங்கள் கையை வைக்காமல் பிளொப்பியில் எடுத்துக்கொண்டு முதல்நாளே ஹரோவுக்குப் போயிருந்தால் ஒரு எழுத்தும் போயிருக்காது.

ஹரோவில் திறந்த கோப்பு ஈஸ்ற்ஹாமில் விழுகிறது என்றால் நோய் கோப்பில் இல்லை. அன்றுதான் ஒழுங்காகத் தேடத் தொடங்கினோம். கோப்பை இரண்டாக வெட்டினோம். இரண்டு பாதியும் விழுந்தது. ஆகவே ஒரு பக்கத்தில் உள்ள பிழையல்ல. வெற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தோம். அ நின்றது. க நின்றது. கா நின்றது, கி நின்றது. கடிதத்திலிருந்த எழுத்துருவில் கெ நின்றது. ஐயாவின் கோப்புக்குப் பாவித்த எழுத்துருவில் கெ அடித்ததும் சாம்பல் பெட்டி. கொம்பைத் தூக்கி முன்னுக்கு வைக்கப் போகிற அந்தக் கணத்தில், அந்த எழுத்துருவோடு மட்டும், புதியவன் விழுகிறான். "கொம்பை எல்லோ முதல்ல வைக்கிறது" என்று ஐயா சொன்னது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு நடந்தது சுருக்கம். எங்களுடையதைப் போன்ற கணனி வைத்திருந்த ஒரு நண்பரிடம் பழைய யூஎஸ்பி10 கோப்பை வாங்கிவந்து வின்டோஸின் அடைவில் இருந்த இடத்தில் வைத்தோம். சில நூறு கிலோபைட், ஒரு பிளொப்பியில் தாராளமாக இடம் கிடந்தது. புதியதை அங்கே வைக்காமல் சொற்செயலியின் சொந்த அடைவுக்குள் வைத்தோம். ஒரு மென்பொருள் தனக்கு வேண்டியதை முதலில் தன் வீட்டுக்குள் தேடும், இல்லாவிட்டால்தான் பொதுக் களஞ்சியத்துக்குப் போகும். ஆகவே புதியவனை ஊருக்கெல்லாம் பொதுவாக வைக்காமல் தேவைப்பட்டவன் வீட்டில் மட்டும் வைத்தால் மற்றவை பாட்டுக்கு ஓடும். எழுத்துருவையும் மாற்றினோம். விழுவது நின்றது. எல்லோருக்கும் பொதுவான களஞ்சியத்தில் ஒருவன் தன் வசதிக்காகக் கைவைத்தால் பத்துப் பேருடைய வேலை கெடும் என்பதற்கு அந்தக் காலத்துக் கணனிக்காரர்கள் ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள், டிஎல்எல் நரகம் என்று. பிற்காலத்து வின்டோஸ் இப்படிக் கைவைத்தால் தானாகவே பழையதைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளும். எங்களைப்போன்ற எஞ்சினியர்களை நினைத்தே செய்திருப்பார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு மலரைப் பாமினியில்தான் அடித்தோம் என்றால் வாசிப்பவர்கள் சிரிக்கக்கூடும். எங்களிடம் இருந்த பக்கம் கட்டும் மென்பொருளுக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றியில் போட்டு முழுவதையும் பாமினிக்கு மாற்றிப் பக்கம் கட்டினோம். ஐயா விரும்பியபடி லை, ளை எல்லாம் பழைய தும்பிக்கையோடு வரவேண்டும் என்று அக்கா கேட்டா. 1978 இல் தமிழ்நாட்டு அரசு சீர்திருத்திய பதின்மூன்று எழுத்துகளை ஐயா கடைசிவரை ஏற்கவில்லை. "எங்கட கேஸில அதுக்குத் தனி எழுத்து இருக்கேக்கை நான் ஏன் மாத்தவேணும்?" என்பார். நேரம் போதவில்லை. அட்டையில் மட்டும், அவர் பெயருக்குக் கீழே ஒரு சொல்லில், ஒரு லையைக் கையால் வரைந்து ஒட்டினோம்.

போன நாலு பக்கத்தை எப்படி ஈடுசெய்வது என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. அடித்த ஞாபகத்தில் எழுதிவிடலாம் என்று ஒருவர். அது ஐயாவின் எழுத்தாகாது என்று இன்னொருவர். ஞாபகத்தை உரசிப் பார்த்தோம். இரண்டு கேஸ் எழுத்தைச் சாக்கில் கட்டி வளவுக்குள் தாட்டுவிட்டு வந்தார் என்பது மூவருக்கும் நிச்சயம். ஈயம் பாரம், சைக்கிளில் கொண்டுபோக ஏலாது, விட்டுப் போனால் ஆராவது உருக்கிப் போடுவார்கள் என்று எழுதியிருந்தார். எங்கே தாட்டார் என்பதில்தான் பிரிந்தோம். மாதுளையடியில் என்றார் ஒருவர். தேசிக்காய் மரத்தடி என்றார் மற்றவர். கிணற்றுக்கும் கக்கூசுக்கும் நடுவில் என்றார் மூன்றாமவர். அம்மாவுக்குத் தெரியாது. அவ பிள்ளைகளோடு இரண்டு நாள் முன்னமே வெளிக்கிட்டுவிட்டா. ஐயா யந்திரத்தைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று நின்றவர்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். சொல்லாமல் விட்டிருக்கலாம், நாலு பக்கம் குறைந்தது ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அம்மா கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தா. பிறகு, "அவரும் ஒருக்கால் ஒரு கல்யாணக் காட்டில மாப்பிள்ளையின்ர பேரை விட்டிட்டு இருநூறு காட் அடிச்சுப் போட்டார்" என்றா. அக்கா உள்ளே போய்விட்டா. அவ எங்களோடு பழையபடி பேச ஒரு வருடம் சென்றது. அது நியாயம்தான்.

மலரில் அந்த வரியை அப்படியே நடுவில் முறித்து, கீழே ஒரு கோடு போட்டு, இதற்குப் பின்னுள்ள பகுதி பக்கம் தயாரித்தவர்களின் கவனக்குறைவால் தவறிவிட்டது என்று அச்சிட்டோம். அந்தியேட்டியன்று சரியாகப் புத்தகம் வந்தது. முந்நூறு பிரதி.

வின்டோஸ் 98 க்கான ஆதரவு 2006 இல் நின்றது. அதற்கு முதலே எங்கள் அறையும் மூடிவிட்டது. 2009 இல் வந்த வின்டோஸ் 7 இல் சதுரமும் இல்லை, குறுந்தகடும் இல்லை, தமிழ் தானாக நின்றது. இன்றைக்கு எங்கள் கைத்தொலைபேசிகளில் பெரும்பாலானவற்றில் கோர்ப்பவன் பெயர் ஹார்ஃப்பஸ். பெயர் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஆண்ட்ரொய்ட், பயர்பொக்ஸ், குரோம், லிப்ரெஒபிஸ் எல்லாம் அதைத்தான் பாவிக்கின்றன. அதைத் தொடங்கி வளர்த்த பெஹ்தாத் எஸ்ஃபாபொட் ஈரானில் பிறந்து கனடாவுக்குப் போனவர். ஒரு புலம்பெயர்ந்தவன் எங்களுடைய கொம்பையும் சேர்த்து முன்னால் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்பதில் எங்களுக்கு ஒரு சின்னத் திருப்தி. விழுகிற வருத்தம் முற்றாக மாறிவிட்டதென்றும் சொல்ல முடியாது. 2018 பெப்ரவரியில் தெலுங்கு எழுத்துக் கூட்டு ஒன்று செய்தியில் வந்தால் ஐபோனில் அந்தச் செயலியே விழுந்தெழும்பியது. சில நாட்களில் 11.2.6 என்ற பதிப்பை விட்டுத் திருத்தினார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது எங்களில் ஒருவர் மற்ற இருவருக்கும் தொலைபேசி எடுத்து, "தெலுங்கிலையும் கெ வந்திட்டுது" என்றார்.

மலருக்காகப் பக்கம் கட்டிய கோப்புகளை இப்போது எந்தக் கணனியிலும் எங்களால் திறக்க முடியவில்லை. திறந்தாலும் பூனைதான் நடக்கும். யூனிகோட்டில் அடித்த மூன்றாவது கொப்பி, அரைவரியில் முறிந்தபடி, எந்தத் தொலைபேசியிலும் இன்றைக்கும் திறக்கிறது.

ஐயாவின் வளவு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. வலிகாமம் வடக்கில் காணிகளைத் துண்டு துண்டாக விடத் தொடங்கியபோது அவர்களுடையதும் வந்தது. 2018 கோடையில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனா. அம்மா அப்போது உயிரோடு இல்லை. வளவில் நின்றுகொண்டு எங்கள் மூவருக்கும் ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்பினா. படத்தில் செம்மண்ணும் பற்றையும், தூரத்தில் ஒரு கிணற்றுக்கட்டு.

"வீடு இல்லை. மரம் ஒண்டும் இல்லை. கிணறு மட்டும் கிடக்கு. பொடியன் மண்வெட்டி வாங்கி வந்து நிக்கிறான், எந்தப் பக்கம் எண்டு சொல்லுங்கோ."

நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் சொன்னோம்.